காலையில் வராத திரை: காசிமேட்டு வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றின் பழுது ஆய்வு

இடம், சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் ஒரு இரண்டாவது மாடி வீடு. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேர் கீழே தரையில் வைத்திருந்த, அசெம்பிள் செய்த மெஷின். எச்61 சிப்செட் மதர்போர்டு, எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 2 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் என்று லேபிள் ஒட்டிய சாதாரண எஸ்.எம்.பி.எஸ் (வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கேற்ற வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளை பெட்டி). வீட்டு அம்மாள் சொன்ன புகார் இது:

"காலைல ஆன் பண்ணா பேன் மட்டும் சுத்துது தம்பி, ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரமாட்டேங்குது. பீப் பீப்னு கத்துது. மதியத்துக்கு மேல போட்டா தானா வந்துடுது. வந்தாலும் கால் மணி நேரம் தாங்காது, பொசுக்குனு ஆஃப் ஆயிடுது. தொட்டா வேற சுர்ருனு இழுக்குது."

இதோடு இரண்டு சில்லறைக் குறைகள். ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. பவர் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது. திங்கட்கிழமை ஒரு ஆன்லைன் விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும். பழுது பார்க்கக் கிடைத்ததோ ஞாயிறு. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் அன்று பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். அதனால் வீட்டிலும் தெருமுனையிலும் கிடைத்த சாமான்களை வைத்தே வேலை நடந்தது.

ஐந்து புகாருக்கும் ஒரே காரணம் தேடினால் மதர்போர்டு போய்விட்டது என்ற முடிவுக்குத்தான் வருவோம். தெருமுனை சர்வீஸ் கடையில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். உண்மையில் இவை தனித்தனிப் பழுதுகள். புகாரில் கவனிக்க வேண்டிய சொல் "காலைல" என்பது. செத்துப்போன போர்டு நேரம் பார்த்து உயிர் பெறாது.

முதலில் ஷாக்

கேபினட்டைத் தொட்டால் இழுக்கும் மெஷினில் மற்ற எதையும் தொடக் கூடாது. நியான் டெஸ்டரை கேபினட்டின் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவில் வைத்தால் மங்கலாக எரிந்தது. எர்த் இல்லாத வீடுகளில் இது சாதாரணம். எஸ்.எம்.பி.எஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்து கேபினட்டுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து கேபினட்டுக்கு. எர்த் ஒயர் இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட், கேபினட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று மட்டும் தெரிகிறது. அந்த கெபாசிட்டர்களில் பேஸ் பக்கம் உள்ளது ஷார்ட் ஆனால் கேபினட்டில் முழு மின்சாரமும் நிற்கும்.

இந்த வீட்டில் மெஷினுக்குப் போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக் இரண்டு பின். பிரிட்ஜுக்கு மட்டும் தனியாக எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட் இருந்தது. அதில் மாட்டியதும் டெஸ்டர் எரியவில்லை, இழுப்பும் நின்றது. பழுது எங்கே என்பது அதிலேயே உறுதியாகிவிட்டது.

குழாயில் ஒரு ஒயரைக் கட்டிவிட்டால் எர்த் ஆகிவிடும் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். இன்றைய குழாய்கள் பெரும்பாலும் பிவிசி, அதில் எர்த் கிடைக்காது. பழைய இரும்புக் குழாயாக இருந்தாலோ, மெஷினில் பழுது வரும் நாளில் குளிப்பவர் கையில் இருக்கும் குழாய்க்கு மின்சாரம் வரும். எர்த்துக்கு வீட்டுச் சாமான் மாற்று கிடையாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளும் அப்படியே. அதன் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கை வைத்ததெல்லாம் 12 வோல்ட்டும் அதற்குக் கீழும் ஓடும் பகுதியில் மட்டும்.

எஸ்.எம்.பி.எஸ் சோதனை: ஜெம் கிளிப்பும் பைக் பல்பும்

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச சார்ஜை இறக்கிய பின், போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரையும் பிராசஸருக்கான 4 பின் கனெக்டரையும் ஹார்டு டிஸ்க் கேபிளையும் கழற்ற வேண்டும். காகிதம் கோக்கும் ஜெம் கிளிப்பை நிமிர்த்தி யூ வடிவில் வளைத்து, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர் உள்ள துளையிலும் பக்கத்தில் கறுப்பு உள்ள துளையிலும் செருக வேண்டும். பச்சை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். செருகிய பிறகே பிளக்கை மாட்ட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ் பேன் சுற்றினால் அது கிளம்புகிறது என்று அர்த்தம். ஒரு உதறு உதறி நின்றால் உள்ளே ஷார்ட் இருந்து பாதுகாப்பு சர்க்யூட் வெட்டுகிறது.

பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லோடே இல்லாமல் பேன் சுற்றுவது பெரிய சான்று ஆகாது. டூ வீலர் ஹெட்லைட் பல்பு, 12 வோல்ட் 35 வாட், சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். மெக்கானிக் கடையில் பழையது சும்மாவே கிடைக்கும். பழைய வகை ஹார்டு டிஸ்க்குக்கான பெரிய 4 பின் கனெக்டரின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் அதைக் கட்டி, இரவல் வாங்கிய மல்டிமீட்டரில் அளந்தபோது மஞ்சள் 11.9, சிவப்பு 5.1, ஆரஞ்சு 3.3. அனுமதி 5 சதவீதம் மேலும் கீழும்: மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை. கால் மணி நேரம் எரியவிட்டும் இறங்கவில்லை. பல்பு சீக்கிரம் சுடும், பிளாஸ்டிக்கில் படாமல் டைல்ஸ் மேல் வைக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்ஸை இப்போதைக்குக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று.

காலைப் பழுது

கேபினட்டில் பீப் ஸ்பீக்கர் ஒயர் அறுந்து, சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பழுதான பொம்மையிலிருந்து எடுத்த 8 ஓம் சின்ன ஸ்பீக்கரை போர்டின் ஸ்பீக்கர் பின்கள் நான்கில் வெளி இரண்டுக்கும் இணைத்ததும் சத்தம் தெளிவானது. இனி வழக்கமான சோதனை. ரேம் இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்தால் பீப் வர வேண்டும். வந்தால் பிராசஸரும் பயாஸும் (மெஷினைக் கிளப்பும், போர்டிலேயே உள்ள அடிப்படை மென்பொருள்) வேலை செய்கின்றன. வந்தது. ரேம் போட்ட பிறகும் அதே பீப் என்றால் தகராறு ரேமிலோ அதைச் செருகும் ஸ்லாட்டிலோ. இரண்டு ரேமையும் தனித்தனியாக, இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டும் காலையில் எதுவுமே ஏற்கவில்லை. இரண்டு ரேமும் ஒரே நாளில் போயிருக்காது. சந்தேகம் ஸ்லாட் பக்கம் திரும்பியது.

வீட்டில் ஏற்கெனவே ரேமை ரப்பரால் தேய்த்துப் பார்த்திருந்தார்கள். தேய்த்தால் வரும், இரண்டு மூன்று நாளில் மறுபடி பழைய கதை. ஏன் என்பதில்தான் இந்த ஆய்வின் முக்கிய விஷயம் இருக்கிறது.

கடலோர வீட்டில் படியும் தூசியில் உப்பு கலந்திருக்கும். சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீர்ப்படலமாகும். சென்னையின் காலை நேர ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் அந்த அளவைத் தாண்டும். வெயில் ஏறினால் இறங்கும், படலமும் காயும். ஸ்லாட்டின் நெருக்கமான முனைகளுக்கு நடுவே இந்த உப்புநீர் நிற்கும்போது ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கசிவு ஏற்படுகிறது, தொடர்பும் கெடுகிறது. டிடிஆர்3 ரேம் ஓடுவது 1.5 வோல்ட்டில், சின்னக் கசிவையும் அது தாங்காது. "மதியத்துக்கு மேல தானா வந்துடுது" என்பதன் விளக்கம் இதுதான். ரப்பர் ரேமின் முனையை மட்டுமே சுத்தம் செய்கிறது, ஸ்லாட்டுக்குள் இருக்கும் உப்பு அப்படியே கிடக்கிறது.

அடுத்த தப்பு ஸ்பிரிட்டில். எலெக்ட்ரானிக்ஸ் என்றாலே ஆல்கஹால் போட்டுத் துடை என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது சரி. உப்பு ஆல்கஹாலில் கிட்டத்தட்டக் கரையாது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு இழுத்துப் பூசுவதுதான் நடக்கும். உப்பைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும், அதிலும் உப்பே இல்லாத தண்ணீர். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் கேன் இருக்கும், பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். கேன் புதிதாக இருக்க வேண்டும். பேட்டரியில் ஊற்றிய மிச்சத்தில் ஆசிட் கலந்திருக்க வாய்ப்புண்டு. கேன் வாட்டர், மெட்ரோ வாட்டர், போர் தண்ணி எல்லாவற்றிலும் உப்பு உண்டு.

ஸ்பிரிட்டுக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கியதையே பயன்படுத்தலாம், ஒரு சோதனைக்குப் பிறகு: கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காயவிட வேண்டும். கறையோ பிசுக்கோ நின்றால் அது போர்டுக்கு ஆகாது. சானிடைசர் ஜெல்லில் கிளிசரின் இருக்கும், அது ஈரத்தை இன்னும் இழுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் சில வகை பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

செய்தது இப்படி. போர்டைக் கேபினட்டிலிருந்து முழுதாகக் கழற்றி, ரேம், பட்டன் பேட்டரி, ஹீட் சிங்க் (பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. பிராசஸரை மட்டும் சாக்கெட்டிலேயே லீவரோடு பூட்டி விட்டுவைத்தது வேண்டுமென்றே. எல்ஜிஏ சாக்கெட்டின் பின்கள் தலைமுடி போல மெல்லியவை, ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. தடித்த தூசியைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, சைக்கிள் பம்ப்பால் ஊதினார்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டாம், அதன் டேங்கில் தண்ணீர் தேங்கி காற்றோடு துப்பும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், அதுவும் உப்புநீர்தான்.

போர்டைச் சாய்த்துப் பிடித்து, சாக்கெட் மேல் பக்கமும் ரேம் ஸ்லாட் கீழ்ப் பக்கமும் வருமாறு வைத்து, மென்மையான டூத் பிரஷ்ஷை டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்து ஸ்லாட்டின் நீளவாட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் முனைகள் வளையும். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், நார் மாட்டிக்கொள்ளும். சுமார் 200 மில்லி தண்ணீர் செலவானது; வழிந்த முதல் தண்ணீர் கறுப்பாக வந்தது, கடைசியில் தெளிந்தது. போர்டின் பின்பக்கம் ரேம் ஸ்லாட் பகுதிக்கும் அதே கவனிப்பு. பிறகு 50 மில்லி அளவு ஸ்பிரிட்டை அதே இடங்களில் விட்டு, நிற்கும் தண்ணீரை வெளியேற்றினார்கள். ஸ்பிரிட் வேலை நடக்கும்போது அடுப்பு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. உச்சி வெயில் நேரத்தில் டேபிள் பேன் முன்னால் மூன்று மணி நேரம் சாய்த்து வைத்துக் காயவிட்டது. அரிசி மூட்டைக்குள் புதைத்து வைக்கும் வைத்தியத்தால் ஸ்லாட்டில் தவிட்டுத் தூள் சேருவதைத் தவிர வேறு பலன் கிடையாது.

ரேமின் தங்க முனைக்கு வெள்ளை பென்சில் ரப்பர், லேசாக, ஒரே திசையில், மேலிருந்து முனை நோக்கி. மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் ஆகாது. தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது போனால் அடியில் இருக்கும் நிக்கலும் செம்பும் கடற்காற்றில் சீக்கிரம் அரிக்கும். ரப்பர் தூளை ஸ்லாட் பக்கத்தில் வைத்து ஊதக் கூடாது, தனி இடத்தில் வைத்து ஸ்பிரிட் துணியால் துடைக்க வேண்டும்.

பின்பக்கத்தில் ஒரு இடத்தில் பச்சை வார்னிஷ் உரிந்து செம்புத் தடம் களிம்பு பிடித்திருந்தது. தடம் அறுபடவில்லை. சுத்தம் செய்து காய்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு மெல்லிய பூச்சு. தடத்துக்கு இது நல்ல மூடி. கனெக்டர் முனையிலும், பிராசஸரைச் சுற்றிச் சூடாகும் பாகங்களிலும் பூசக் கூடாது.

கால் மணி நேரத்தில் நிற்பது

இதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஹீட் சிங்கை எடுக்கும்போதே அது ஒரு மூலையில் ஆடியது. அதைப் போர்டோடு பிடித்துவைக்கும் நான்கு புஷ் பின்களில் ஒன்றின் வெள்ளைக் கால் உடைந்திருந்தது. ஹீட் சிங்க் சாய்ந்து, பிராசஸரின் சூட்டை அதற்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகி, பிராசஸரின் பாதிப் பரப்பில் காற்று இடைவெளி. பழுது பார்ப்பதற்கு முன் பயாஸில் பார்த்தபோது சில நிமிடங்களிலேயே சூடு 90 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. எல்லை மீறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷினையே நிறுத்திவிடும். ஆகவே பொசுக்கென்று ஆஃப் ஆனது ஒருவகையில் நல்லது.

உடைந்த காலுக்குப் பதில் 2.5 மில்லிமீட்டர் அகல நைலான் கேபிள் டை இரண்டு. ஒன்றைப் போர்டின் அடியிலிருந்து துளை வழியே மேலே விட்டால் அதன் தலை அடியில் நிற்கும். ஹீட் சிங்கின் கை வழியே மேலே வந்த வாலில், இரண்டாவது டையின் தலையை மட்டும் வெட்டிக் கோத்து இறுக்கிக் கீழே தள்ள வேண்டும். மற்ற மூன்று பின்களையும் முதலில் மூலைக்கு மூலையாக அழுத்திய பிறகே இதை இறுக்குவது சரி; முதலிலேயே இறுக்கினால் சாய்வு அப்படியே நிற்கும். கம்பி, ஆணி வேண்டாம். அடியில் எதையாவது தொட்டால் ஷார்ட். சூட்டில் நைலான் மெல்ல நீளும், வாரக்கணக்கில் நம்பக் கூடாது.

தெர்மல் பேஸ்ட்டுக்கு டூத் பேஸ்ட் போடலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. போட்ட அன்று ஓடும். அதில் தண்ணீர் கணிசமாக உண்டு. சூட்டில் காய்ந்து வெடித்து மறுபடி காற்று புகும். செல்போன் சர்வீஸ் கடை ஞாயிறும் திறந்திருக்கும், சிரிஞ்சிலிருந்து கொஞ்சம் கொடுப்பார்கள். பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட் துணியால் இரு பக்கமும் முழுதாகத் துடைத்து, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும். ஹீட் சிங்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். கூடுதலாக வைத்தால் பிதுங்கி சாக்கெட் ஓரம் வழியும்.

பேனைச் சுத்தம் செய்யும்போது இறக்கையைப் பென்சிலால் தடுத்துப் பிடித்து ஊத வேண்டும். விட்டுச் சுழலவிட்டால் பேரிங் அடிபடும். நடு ஸ்டிக்கரை உயர்த்தி தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளில் பிசினாகி பேன் நின்றுவிடும்.

எல்லாம் மாட்டிய பின் பயாஸிலேயே அரை மணி நேரம் விட்டுப் பார்த்ததில் சூடு 50 டிகிரிக்குள் நின்றது.

சில்லறைப் பழுதுகள்

தேதி: சிஆர்2032 பட்டன் பேட்டரி 2.4 வோல்ட் காட்டியது. புதியது 3 வோல்ட். தேதி தப்பினால் பாதுகாப்பான இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டி விண்ணப்பப் பக்கத்தையே திறக்கவிடா. எடை பார்க்கும் டிஜிட்டல் மெஷின், கார் ரிமோட் இவற்றில் பெரும்பாலும் இதே பேட்டரி இருக்கும். அவை இல்லாததால் சுவர்க் கடிகாரத்துக்கான பென்டார்ச் பேட்டரி இரண்டைத் தொடராகக் கட்டி 3 வோல்ட்டாக்கி, பிளஸ் மைனஸ் பார்த்து ஒயர் இழுத்து கேபினட்டின் ஓரத்தில் டேப் ஒட்டியது. ஒரு இரவுக்கு அது போதும். மறுநாள் சரியான பேட்டரி.

பவர் பட்டன்: புதிதாக வாங்கி மாட்டாமல் வைத்திருந்த காலிங் பெல் ஸ்விட்ச். போர்டில் பவர் ஸ்விட்ச் என்ற இரண்டு பின்னையும் ஒன்றோடொன்று ஒரு கணம் சேர்த்து விட்டால் மெஷின் கிளம்பும். எது பிளஸ் என்ற கேள்வி இல்லை. பெல் ஸ்விட்ச் அழுத்தும்போது மட்டும் சேர்ந்து விலகும் வகை என்பதால் பொருந்துகிறது. சாதாரண லைட் ஸ்விட்ச் போட்டால் சேர்ந்தே இருக்கும், நான்கு விநாடியில் மெஷின் தானே ஆஃப் ஆகும். பழைய பட்டனின் ஒயர் நுனியை வெட்டி இதில் முறுக்கிச் சேர்த்தால் செருகும் தலை தயார். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: இந்த ஸ்விட்சைச் சுவரில் பொருத்தக் கூடாது. என்றைக்காவது ஒரு எலெக்ட்ரீஷியன் அதை நிஜ பெல் என்று நினைத்து 230 வோல்ட் கொடுத்துவிட்டால் போர்டு புகையாகும். கேபினட்டிலேயே ஒட்டி, 'கம்ப்யூட்டர் மட்டும்' என்று எழுதியாயிற்று.

பிறகு

திங்கட்கிழமை காலை, ஈரம் மிகுந்த நேரத்தில், மெஷின் முதல் தடவையிலேயே கிளம்பியது. அடுத்து வந்த காலைகளிலும் பீப் வரவில்லை. புஷ் பின் செட் ரிச்சி தெருவில் வாங்கிக் கேபிள் டைக்குப் பதில் போட்டாயிற்று. வடசென்னையிலிருந்து மெட்ரோவில் போனால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் குப்பைக்குப் போனது, அறைக்கு எர்த் ஒயர் இழுத்தார்கள்.

கேபினட் இப்போது ஜன்னலிலிருந்து விலகி, ஒரு அடி உயர ஸ்டூல் மேல். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் கீழ்த்தள வீடுகளில் தரையில் இருந்த மெஷின்கள் என்ன ஆயின என்று இந்தத் தெருவுக்குத் தெரியும். மாடியிலும் ஜன்னல் சாரல் தரைக்குத்தான் வரும். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா பாக்கெட்டைக் கேபினட்டுக்குள் போடுவதில் பயனில்லை, அது திறந்த பெட்டி. தினமும் அரை மணி நேரமாவது ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. ஓடாத நேரத்தில் பருத்தித் துணி மூடலாம், ஆன் செய்யுமுன் எடுத்துவிட வேண்டும். ஸ்லாட் கழுவும் வேலை இந்த வீட்டில் வருடம் ஒருமுறை வரும், மழைக்காலத்துக்கு முன் செய்வது நல்லது.

பின்பக்க ஆடியோ ஜாக்கின் உள்ளே பிடித்த களிம்பு அப்படியே இருக்கிறது. யூஎஸ்பி ஹெட்போன் போட்டுக்கொள்வதால் அதை யாரும் தொடவில்லை.